துணியின் முதுகைப் பார்த்து வாங்குங்கள்: பழைய பூத்தையலும் குளிர்காலத் தோட்டமும்

குளிர்காலம் வந்துவிட்டால் கிராமத்து வீட்டில் பொழுது இரண்டாகப் பிரிந்துவிடும். பனி விலகிய பிறகு நண்பகலை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் தோட்டம். இருட்டியதும் விளக்கடியில் ஊசியும் நூலும். கோடையில் தோட்டம் முழு நாளையும் விழுங்கிவிடும் என்பதால், பழைய பூத்தையல் துணிகளைத் தேடிப் பிடித்துச் சீராக்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

இதுவரை அப்படி ஒரு துணிகூட வாங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரோ ஒருவர் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் தைத்து வைத்த மேசை விரிப்பு அத்தனை காலமும் பிழைத்துக் கிடந்துவிட்டு, புதிதாக வாங்கியவர் வீட்டு வாளியில் முதல் நாளே செத்துப்போகும். நானும் அப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறேன். அந்தக் கதை கழுவும் இடத்தில் வரும்.

கடையில்

பழைய பொருள் கடைக்கோ, வீடு காலி செய்யும் விற்பனைக்கோ போகும்போது மூன்று பொருள்களை எடுத்துப் போங்கள்: ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு கைவிளக்கு, ஓர் அளவு நாடா. கண்ணில் படும்படி தொங்கவிட்டிருக்கும் துணிகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தலையணை உறைகளையும் கைத்துடைப்பான்களையும் அள்ளிப் போட்டிருக்கும் கூடையின் அடியைக் கிளறுங்கள். படச்சட்டங்கள் அடுக்கிய மூலையையும் விடாதீர்கள். கண்ணாடிக்குள் மாட்டிய பூத்தையல்கள் பெரும்பாலும் ஓவியங்களோடு கலந்து கிடக்கும். பழைய தையல் பெட்டிகளுக்குள் பாதி தைத்த துணி மடித்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

துணி கையில் வந்ததும் முதல் வேலை, திருப்பிப் பார்ப்பது. முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு வீட்டில் நேரம் இருக்கிறது. கையால் தைத்தது என்றால் முதுகில் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்ததற்கு நடந்து போன தடம் தெரியும். நுனிகளைச் செருகிய இடங்கள் ஒன்றுபோல் இருக்காது. 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி உருவாக்கிய ஷிஃப்லி இயந்திரம் முன்னால் ஒரு நூலும், பின்னால் ஓடம் எனும் சிறு நூல்கூட்டில் இன்னொரு நூலுமாகத் தைக்கும். அதனால் பின்பக்கம் முழுவதும் ஒரு மெல்லிய நூல் சீராகப் பூட்டிக்கொண்டே வருவதைக் காணலாம்.

இதற்கும் முந்தைய இயந்திரம் ஒன்று இருக்கிறது; அதுதான் ஆளை ஏமாற்றும். 1828இல் பிரான்சின் மியூலூஸ் நகரில் யோசுவா ஹைல்மன் உருவாக்கியது அது. ஒருவர் வரைபடத்தின் மேல் ஒரு முனையை நகர்த்திக்கொண்டே போக, வரிசையாக நிற்கும் பல ஊசிகள் அதே அசைவைத் துணியில் செய்யும். ஒற்றை நூல் தையல் என்பதால் பின்பக்கமும் கைவேலை போலவே இருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பூக்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்லாப் பூவிலும் மூன்றாவது இதழ் ஒரே மாதிரி கோணியிருந்தால் அது இயந்திரத்தின் வேலை. கை அப்படித் தவறாது. ஒவ்வொரு பூவிலும் புதிதாகத் தவறும்.

இயந்திரத் தையல் என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை, அதற்கும் அழகு உண்டு. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

முதுகு சொல்லும் இன்னொரு செய்தி நிறம். வெயில் படாத பக்கம் என்பதால் நூலின் பழைய நிறம் அங்கேதான் மிச்சமிருக்கும். முன்புறம் வெளிறிய ரோஜா நிறமாகவும் பின்புறம் நல்ல சிவப்பாகவும் இருந்தால், அந்தத் துணி பல காலம் சன்னல் ஓரத்தில் இருந்திருக்கிறது. அத்தனை வெயில் பட்ட நூலும் துணியும் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இற்றுப்போன இடங்கள் மெல்லிய சன்னல்கள் போலத் தெரியும். மடிப்புக் கோடுகளைத் தனியாகப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த துணி முதலில் அங்கேதான் விடும். ஒரு மூலையை இரு கட்டைவிரல்களால் மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். காய்ந்த சருகு நொறுங்குவதுபோல் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய பட்டில் இணை கோடுகளாகக் கீறல் விழுந்திருந்தாலும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டின் எடையைக் கூட்ட உலோக உப்புகளில் ஊறவைப்பார்கள். அந்தப் பட்டு தானாகவே நொறுங்கிக்கொண்டிருக்கும், எந்த ஊசியும் அதை நிறுத்தாது.

கறைகளில் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். துணி முழுவதும் சீராக மஞ்சளித்திருந்தால் பெரும்பாலும் கழுவிப் போக்கலாம். குண்டூசி குத்தியிருந்த இடத்தில் விளிம்பு கட்டிய பழுப்புப் புள்ளி என்றால் துரு. அங்கே நாளைக்கு ஓட்டை விழும். கருப்புப் பூஞ்சைப் புள்ளிகள் பெரும்பாலும் போகவே போகாது.

என்ன இழை என்பதைக் கையே சொல்லும். செடி நாரால் நெய்த லினன் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், இழைகள் சில தடித்தும் சில மெலிந்தும் ஓடும். பருத்தி மென்மையானது, சீரானது. நூல் மட்டும் கண்ணாடிபோல் மினுமினுத்து வழுக்கினால் அது ரேயானாக, அதாவது செயற்கைப் பட்டாக இருக்கலாம். 1920களிலும் 1930களிலும் பூத்தையலில் அது வெகுவாகப் புழங்கியது. தண்ணீர் பட்டால் ரேயான் வலுவிழக்கும் என்பதை மறக்காதீர்கள்.

புதியவர்களுக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வது பாதியில் நின்ற வேலைகளைத்தான். துணியில் நீலக் கோடுகளாக அச்சிட்ட வரைபடம், அதில் கால்வாசி தைத்திருக்கும், அதிர்ஷ்டமிருந்தால் மீதி நூலும் கூடவே சுருட்டி வைத்திருக்கும். எந்த நூல், எத்தனை இழை, எந்தத் தையல் என்று எல்லாவற்றையும் பார்த்துச் செய்ய மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. இதைவிடப் பொறுமையான ஆசிரியை கிடைக்கமாட்டார்.

கழுவுவதற்கு முன்

வந்த துணியை நேரே அலமாரியில் வைக்காதீர்கள். பருத்தியும் லினனும் என்றால் வெளியே உதறி, காற்றாட இரண்டு நாள் தொங்கவிடலாம். கம்பளியோ பட்டோ கலந்திருந்தால் அந்துப்பூச்சியின் முட்டை இருக்கலாம். நெகிழிப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் துணியின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

பிறகு சாயம் போகிறதா என்ற சோதனை. இங்கேதான் என் கதை. வெள்ளை லினனில் சிவப்புப் பூக்களும் கருப்புக் கோட்டு வரைவுமாக ஒரு மேசை விரிப்பு கிடைத்தது. சிவப்புதான் சாயம் விடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் சிவப்பை மட்டும் சோதித்தேன். நன்றாக நின்றது. மகிழ்ச்சியோடு முழுத் துணியையும் நனைத்தேன். அரை மணியில் கருப்பு கரைந்து, ஒவ்வொரு பூவைச் சுற்றியும் சாம்பல் நிற வளையம். இப்போது அந்த விரிப்பு எங்கே என்று தோட்டப் பகுதியில் சொல்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு சாயல் இருந்தால் அவை இரண்டு நிறங்கள். ஈரப்படுத்திய வெள்ளைப் பஞ்சைப் பின்பக்கத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். முதலில் வெறும் தண்ணீர். பிறகு சலவைத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீர். பஞ்சில் லேசாக நிறம் ஒட்டினாலும் கழுவும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த பருத்தி நூலில் அந்த வைத்தியம் பலிப்பதில்லை. கழுவ முடியாத துணியின் மேல் வலைத்துணி விரித்து, தூசு உறிஞ்சியை மெல்லிய இழுப்பில் வைத்துத் தூசு எடுத்தால் போதும்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே சாயம் கசிந்தால் பதற்றத்தில் பிழிந்து காயப்போட்டுவிடாதீர்கள். காய்ந்தால் கறை நிலைத்துவிடும். குளிர்ந்த நீரை நிறைய விட்டு, நிறம் வருவது நிற்கும்வரை அலசிக்கொண்டே இருங்கள்.

கழுவுதல்

1. அகலமான தட்டையான தொட்டி எடுங்கள். அடியில் ஒரு வலைத்துணியை விரித்து, அதன்மேல் பூத்தையலைப் பரப்புங்கள். நனைந்த துணியைத் தூக்கும்போது வலையோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். மூலையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் கனமே கிழித்துவிடும்.

2. முதலில் வெறும் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம். தேநீர் போல நிறம் இறங்கும். அது பல ஆண்டு அழுக்கு. தண்ணீரை மாற்றி மாற்றி, தெளிவாக வரும்வரை செய்யுங்கள். பல துணிகளுக்கு இத்துடனே பாதி வேலை முடிந்துவிடும்.

3. பிறகு வெளுப்பான் கலக்காத மென்மையான சலவைத் திரவம், வெதுவெதுப்பான நீர். தேய்க்கக் கூடாது; உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள்.

4. நுரை வருவது முழுதாக நிற்கும்வரை அலசுங்கள். மிச்சமிருக்கும் சலவைத் திரவம் பின்னாளில் தானே மஞ்சளிக்கும்.

5. பிழியாதீர்கள். துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் ஈரம் இறங்கிவிடும்.

நிற நூலே இல்லாத வெள்ளைப் பருத்திக்கும் லினனுக்கும் மட்டும் ஒரு சலுகை உண்டு. சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் வெளுப்பான் கரைத்த வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைக்கலாம். குளோரின் வெளுப்பானை வீட்டின் அந்தக் கோடியிலேயே வையுங்கள். அது இழையை அரிக்கும், துருக்கறையை இன்னும் பிடிக்க வைக்கும். பருத்தியும் லினனும் ஈரத்தில் வலுக்கூடும் இழைகள் என்பதால் இத்தனையையும் தாங்குகின்றன. ரேயானும் கம்பளியும் பட்டும் நேர்மாறு.

வெள்ளை லினனை வெளுக்கப் புல்வெளியில் விரித்து, நனைத்து நனைத்து வெயிலில் காயவைப்பது பழைய முறை. பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரம் இப்படிப்பட்ட வெளுப்பு வெளிகளுக்கே பெயர் பெற்றிருந்தது. குளிர்கால வெயில் மெலிந்தது; ஒரு நாளில் முடிவதற்கு நான்கைந்து நாளாகும். அதுவும் நல்லதுதான், எப்போது நிறுத்துவது என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். நிற நூல் உள்ள துணி என்றால் நிழலில் மட்டும்.

இஸ்திரி போடும்போது தடித்த துண்டின் மேல் பூவைக் கவிழ்த்து, லேசான ஈரத்தோடு பின்பக்கத்தில் தேயுங்கள். தையல் துண்டுக்குள் அமிழ்ந்து, திருப்பினால் எழும்பி நிற்கும். கஞ்சி போடுவதாக இருந்தால் பயன்படுத்தப்போகும் அன்று போடுங்கள். கஞ்சியோடு அடுக்கி வைத்த துணியை வெள்ளிப்பூச்சி தேடி வரும். மடிக்காமல், அமிலமில்லாத தாள் சுற்றிய உருளையில் சுருட்டி வையுங்கள்.

ஊசி எடுக்கும்போது

பூத்தையல் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 7, 8, 9 மூன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். சாதாரண சிட்டத்து நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. சுமார் 45 சென்டிமீட்டருக்கு வெட்டி, தேவையான இழைகளை ஒவ்வொன்றாக உருவி, பிறகு ஒன்று சேருங்கள். இரண்டு மூன்று இழைகளை மொத்தமாக உருவினால் முறுக்கிக்கொண்டு வரும். இதைவிட நீளமாக வெட்டினால் துணிக்குள் போய் வந்தே நூல் நைந்துவிடும்.

நூலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பொருத்துங்கள். இதில் எல்லோரும் செய்யும் பிழை, பின்பக்கத்தின் அசல் நிறத்துக்கு நூல் வாங்குவது. புதுத் தையல் உட்காரப்போவது வெளிறிய பழைய தையலுக்குப் பக்கத்தில். ஆகவே முன்பக்கம் இன்று எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் பொருத்த வேண்டும்.

ஓட்டையை அடைக்க இழை ஓட்டும்போது, துணியின் இழையைவிடச் சற்று மெல்லிய நூல் வேண்டும். அதே துணியின் விளிம்பு மடிப்புக்குள்ளிருந்து இரண்டு இழை உருவ முடிந்தால் அதற்கு ஈடே இல்லை. ஓட்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல துணிக்குள் தொடங்கி, முதலில் பாவு போல ஒரே திசையில் நூல் ஓட்டுங்கள். திரும்பும் இடங்களில் சிறு வளையம் விடுங்கள், கழுவும்போது நூல் சுருங்க இடம் கிடைக்கும். பிறகு குறுக்கே ஊடை போல ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் எனக் கோத்து வாருங்கள். இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுத்துணிகள் வேண்டாம். பசை காலப்போக்கில் மஞ்சளித்து இறுகும், பிறகு யாராலும் அதைப் பிரிக்க முடியாது.

தையல் வளையத்தை ஒவ்வொரு இரவும் கழற்றிவிடுங்கள். பழைய வளையத்தின் திருகு துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: பழைய தையல் பெட்டியில் தந்தம் போலத் தோன்றும் ஊசிக்கூடு இருந்து, தேய்த்தால் சூடம் வாசனை வந்தால், அது செல்லுலாய்டு. நெருப்பு சட்டென்று பற்றும். விளக்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

தோட்டத்துக்குப் போகும் துணி

சீராக்க முடியாதவை எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. இற்றுப்போகாத, ஆனால் கறை போகாத பருத்தி, லினன் விரிப்புகள் உறைபனிக்கு நல்ல போர்வை. என் சாம்பல் வளைய மேசை விரிப்பு இப்போது கீரைப் பாத்தியின் மேல்தான் இரவைக் கழிக்கிறது.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் உறைபனி அதிகம். பகலில் மண் வாங்கிய வெப்பம் வானத்தை நோக்கிப் போய்விடும். துணியின் வேலை அந்த வெப்பத்தைச் செடியருகே பிடித்து வைப்பது. ஆகவே குடை பிடித்ததுபோல் செடியின் தலையை மட்டும் மூடிப் பயனில்லை. துணி தரைவரை இறங்கி, ஓரங்களில் கல் வைத்திருக்க வேண்டும். நான்கு குச்சி நட்டு, இலையில் படாதபடி விரியுங்கள். சூரியன் மறையும் முன்பே மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுத்து உலர்த்துங்கள். ஈரத்துணி உறைந்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். நண்பகலில் மண்ணை நனைத்து வைத்தால் அது கூடுதல் வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளும். இப்படி ஒன்றிரண்டு டிகிரிதான் காப்பாற்ற முடியும். கடுங்குளிருக்கு இது போதாது.

தோட்டத்துக்கும் புதியவர் என்றால் பூண்டிலிருந்து தொடங்குங்கள். மண் உறைவதற்கு முன், பற்களைக் கூர்முனை மேலே இருக்கும்படி சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். குளிர் பட்டால்தான் அது பற்களாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். துலிப் கிழங்குகளும் பூப்பதற்கு மூன்று மாதம்போலக் குளிர் கேட்பவை. பகல் பத்து மணி நேரத்துக்குக் குறைந்துவிட்டால் கீரைகள் வளர்வதை அநேகமாக நிறுத்திவிடும். அப்போது உரம் போட்டு அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள். காய்ந்த தண்டுகளை வெட்டி எறிய அவசரம் வேண்டாம், அவற்றுக்குள் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கும்.

பழைய பொருள் கடையில் தோட்டச் சாமான்களும் கிடைக்கும். மண் தொட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் முழுசு, மொத்தென்றால் விரிசல். ஈரத்தோடு வெளியே விட்டால் உறைந்து வெடிக்கும் என்பதால், காலித் தொட்டிகளைக் கூரைக்குள் கவிழ்த்து வையுங்கள். பழைய வண்ணப்பூச்சு உரியும் தொட்டியில் காய்கறி வளர்க்காதீர்கள், அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம். மண்வெட்டியின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவையுங்கள், முழுதும் விறைத்த பிறகு எறியலாம்.

கைப்பிடிக்கு எண்ணெய் தந்த அதே ஆளிச் செடியின் தண்டு நார்தான் லினன். நான்கு மாதமாக மடியில் வைத்துத் தைத்த துணி எதிலிருந்து வந்தது என்று பார்க்க விரும்பினால், ஒரு பிடி ஆளி விதையை இப்போதே வாங்கி வையுங்கள். குளிர் குறைந்து மண் இளகியதும் தூவினால், முதிர மூன்று மாதத்துக்குச் சற்று மேலாகும், செடி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரும். நீலப் பூ பூக்கும் நாள்களில் காலையிலேயே போய்ப் பாருங்கள், நண்பகலுக்குள் இதழ்கள் உதிர்ந்துவிடும்.